வரைபடத்தில் மூன்று பொட்டு

திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு அகஸ்டின் மூன்றாவது தடவையாகப் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தான். மூன்று பொட்டும் போன தடவை இருந்த இடத்திலேயே இருந்தன.

ஒன்று கிளிஞ்சல்மேட்டுக்குப் பக்கத்தில். ஒன்று குரும்பகரத்தில். இன்னொன்று நெடுங்காட்டுக்குத் தெற்கே, வாய்க்கால் திரும்புகிற இடத்தில். நல்ல சிவப்பு. ஒவ்வொன்றும் உளுந்தில் பாதி இருக்கும்.

வரைபடத்துக்கு இருநூறு வயதுக்கு மேல். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை அளந்து, செம்புத் தகட்டில் செதுக்கி, பாரீஸில் அச்சடித்தது. நூலகத்தின் உள்ளறையில், இரும்புப் பீரோவில், ஒரு தகரக் குழாய்க்குள் சுருண்டு கிடந்தது. அங்கே ஆறு வருடமாக வேலை பார்க்கும் அகஸ்டின் அதை விரித்த நிலையில் பார்ப்பது இதுவே முதல் தடவை. பீரோச் சாவி நூலகர் பூமிநாதனின் இடுப்பில்தான் இருக்கும்.

பூமிநாதன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை வெளியே எடுத்து, நீள மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் கலைக்களஞ்சியத்தின் நான்கு தொகுதிகளை வைத்துவிட்டு, நாலேகால் பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருந்தார். கும்பகோணத்தில் தங்கை மகள் கல்யாணம். கலைக்களஞ்சியத்தின் மேல் ஒரு சீட்டு இருந்தது.

'அகஸ்டினுக்கு. புதன் காலை பத்து மணிக்கு மேடத்தோடு வருவேன். அதுவரை இது நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கட்டும். யாரும் தொடக்கூடாது.'

யாரோ தொட்டிருந்தார்கள். யார் என்பதில் சந்தேகமே இல்லை.

வெள்ளிக்கிழமை நூலகத்தில் ஆயுத பூஜை. அகஸ்டின் அன்று லீவு. மனைவியோடு வேளாங்கண்ணிக்குப் போயிருந்தான். பூமிநாதன் கிளம்பிய பிறகு பூஜையைச் செய்தது துப்புரவு வேலை பார்க்கும் அல்லி. அவளுக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. தட்டச்சுப் பொறிக்கு மூன்று பொட்டு. தேதி முத்திரைக்கு மூன்று. ஏணிக்கு, ஸ்டேப்ளருக்கு, ஃபேன் ரெகுலேட்டருக்கு, 'அமைதி காக்கவும்' பலகைக்கு மூன்று மூன்று. உலக உருண்டைக்கும் வைத்திருந்தாள். அவை பசிபிக் பெருங்கடலில் விழுந்திருந்ததால் எந்த நாட்டுக்கும் பாதிப்பில்லை.

அகஸ்டினின் மேசைக்கு மட்டும் பொட்டு இல்லை. அதில் வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டியிருந்தது. பொட்டுக்குப் பதிலாக ஒரு செய்தித்தாள் பொட்டலத்தில் பொரியும் பொட்டுக்கடலையும், மூன்று நாளில் கறுத்துப்போன ஒரு வாழைப்பழமும் இருந்தன.

அது அகஸ்டினின் மனதைத் தொட்டது. சிக்கலே அதில்தான். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவளிடம் போய், "மேப்புக்கு ஏங்க்கா பொட்டு வச்சீங்க?" என்று ஒரு கிறிஸ்தவன் எப்படிக் கேட்பது? அவன் வரைபடத்தைப் பற்றித்தான் கேட்டான் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மத்தியானத்துக்குள் பேச்சு மீன் மார்க்கெட்டுக்குப் போய்விடும். சாயங்காலம் வேறு வடிவத்தில் திரும்பி வரும்.

கேட்காமலும் விட முடியாது. புதன்கிழமை வருகிற வினோதினி மேடம் புதுச்சேரியில் பழைய காகிதங்களின் பாதுகாப்பைக் கவனிக்கிற அதிகாரி. 'காரைக்காலிலேயே வைத்துக் காப்பாற்றலாம்' என்று அவர் எழுதிவிட்டால், உள்ளறைக்கு ஏ.சி. வரும். வரைபட அறைக்கு என்று ஒரு நிரந்தர வேலையும் வரும். அந்த வேலைக்கு அகஸ்டினின் பெயர் புதுச்சேரி வரை போய், கடைசி மேசையில் காத்திருக்கிறது. 'பராமரிப்பு போதாது' என்று எழுதிவிட்டால் வரைபடம் புதுச்சேரிக்குப் போகும், அகஸ்டின் வீட்டுக்குப் போவான். ஆறு வருடமாக அவன் டெம்பரவரி. பெர்மனென்ட் ஆகிவிட்டால் அவன் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக மனைவி அமலராணி வெள்ளிக்கிழமைதான் மாதாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவன் ஐந்து அடி பதினோரு அங்குலம்.

"என்ன சார், வந்ததும் வராததுமா அதையே உத்துப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

அல்லி துடைப்பத்தோடு வாசலில் நின்றாள். அகஸ்டின் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் போட முயன்றான். அது கொள்ளவில்லை.

"ஒண்ணுமில்லக்கா. இன்னைக்கு என்ன லேட்டு?"

"தண்ணி லாரிக்கு நின்னேன் சார். சுனாமி வந்துட்டுப் போனதுலேருந்து கிளிஞ்சல்மேட்டுல ஒரு கெணறு வாயில வைக்க முடியல. உப்பு. லாரிக்காரன் வர்றப்பதான் எங்களுக்கு விடியுது."

"பூஜை நல்லா நடந்துச்சாமே?"

"ஒரு கொறை இல்ல. மொட்டை மாடி தண்ணி டேங்குக்குக்கூட வச்சேன்ல. வைக்க வேண்டியது ஒண்ணு விடல."

"பாத்தேங்க்கா." அகஸ்டின் தொண்டையைச் செருமிக்கொண்டான். "குங்குமம் எங்க வாங்குனீங்க? பாக்க நல்லா இருக்கு."

"அம்மையார் கோயில் வாசல்ல சார். நல்ல குங்குமம். ஒருக்கா வச்சா சட்டுனு போவாது."

அகஸ்டின் உட்கார்ந்துவிட்டான்.

பத்து மணிக்கு மன்சூர் அலி வந்தார். தினமும் பத்து மணிக்கு வந்து மூன்று செய்தித்தாள்களை வரி விடாமல் படிப்பவர். பாரீஸில் ஒரு மியூசியத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. பாரீஸ், மியூசியம் என்ற இரண்டு சொல்லுக்குப் பிறகு கேட்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது.

அகஸ்டின் அவரை உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினான்.

மன்சூர் அலி முதலில் வரைபடத்தின் மூலையைப் பார்த்தார். அங்கே சங்கும் கொடியுமாக ஓர் அலங்காரம். இரண்டு பக்கமும் சிறகு முளைத்த குழந்தைகள் ஒரு ரிப்பனைப் பிடித்திருந்தார்கள். ரிப்பனில் பிரெஞ்சில் தலைப்பு.

"அங்க எங்க திரும்புனாலும் இந்தப் பசங்கதான் தம்பி. துணிமணி கெடையாது. ரெக்கைய மட்டும் மாட்டிக்கிட்டு நிப்பானுங்க."

"பாய், பசங்கள விடுங்க. இதைப் பாருங்க. குங்குமம்."

மன்சூர் அலி குனிந்து பார்த்தார். "இத்துனூண்டா இருக்கு? விரலால வச்சாப்புல இல்லியே."

"மேப்புன்னு மரியாதை குடுத்து, தீக்குச்சியால வச்சிருப்பாங்க போலருக்கு. எடுக்கணும் பாய். புதன்கிழமை மேடம் வராங்க."

"ரொட்டி வாங்கியா."

"பசிக்குதா பாய்?"

"பேப்பருக்கு. அங்கயெல்லாம் பழைய பேப்பர ரொட்டியாலதான் தொடைப்பான். நேத்து சுட்ட ரொட்டியா இருக்கணும். ஓரத்த எடுத்துட்டு, நடுவுல இருக்குற வெள்ளைய உருண்டை புடிச்சு, மெதுவா உருட்டணும். அழுக்கு பூரா ரொட்டியில ஏறிக்கும்."

பேக்கரிக்காரர் சந்தேகமாகப் பார்த்தார். நேற்றைய ரொட்டி வேண்டும் என்று தேடி வந்த முதல் ஆள் அகஸ்டின்தான். இருந்தது பால் ரொட்டி மட்டும். அதை வாங்கி வந்தான்.

இரண்டு பேரும் சாப்பாட்டு நேரம் வரை உருட்டினார்கள். மன்சூர் அலி சொன்னதில் பிழையில்லை. இருநூறு வருடத்துத் தூசி ரொட்டியில் ஏறியது. பழுப்பாக இருந்த கடல் வெளுத்தது, வயல்கள் வெளுத்தன, அரசலாற்றின் இரு கரையும் வெளுத்தன. பொட்டு வெளுக்கவில்லை. சுற்றிலும் வெளுத்துவிட்டதால் இப்போது தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது.

"நல்ல குங்குமம்தான்" என்றார் மன்சூர் அலி.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது எறும்புகள் வந்திருந்தன. மேசைக்கால் வழியாக ஏறி, வங்காள விரிகுடாவில் நுழைந்து, அரசலாற்றின் முகத்துவாரத்தைக் கண்டுபிடித்து, ஆற்றோடு மேற்கே ஊருக்குள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் பால் ரொட்டித் துணுக்கு.

"பாய்" என்றான் அகஸ்டின் மெதுவாக. "நீங்க மியூசியத்துல என்ன வேலை பாத்தீங்க?"

மன்சூர் அலி செய்தித்தாளைத் திருப்பினார்.

"கேண்டீன்ல."

"கேண்டீன்லயா?"

"ரொட்டி வெட்டுற எடத்துல. பேப்பர் தொடைக்கிற ஆளு எங்கிட்டதானே வந்து ரொட்டி வாங்கிட்டுப் போவான்? அவன் வாங்கிட்டுப் போனது சக்கரை போடாத ரொட்டி. அது ஒண்ணுதான் வித்தியாசம்."

எறும்பு மருந்தை வரைபடத்தின் பக்கத்தில் கொண்டுபோக அகஸ்டினுக்குத் தைரியமில்லை. வெளியே வந்து, தன் சாப்பாட்டுக் கேரியரில் எறும்பு ஏறிவிட்டதாக அல்லியிடம் பொய் சொன்னான்.

"மஞ்சத்தூள்ல கோடு போடுங்க சார். தாண்டாது. பூஜைக்கு வாங்குனது ஒரு பாக்கெட் மிச்சம் கெடக்கு" என்று எடுத்துக் கொடுத்தாள்.

எறும்புகளை ஒவ்வொன்றாக ஊதி வெளியேற்றிவிட்டு, வரைபடத்தைச் சுற்றி மேசையில் மஞ்சளால் ஒரு வேலி போட்டான். வேலி கச்சிதமாக வந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஐந்து மணிவரை காத்திருந்தும் வரவில்லை. இருட்டிக்கொண்டு வந்ததால் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினான். ஃபேன் சுவிட்ச் போட்டபடியே இருந்ததைக் கவனிக்கவில்லை. ரெகுலேட்டர், மூன்று பொட்டுக்கு நடுவே, ஐந்தாம் எண்ணில் நின்றது.

கரண்ட் ஆறு மணிக்கு வந்திருக்கும் போல.

செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறந்தபோது ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அறை மஞ்சள். கலைக்களஞ்சியம் மஞ்சள். காரைக்கால் கடற்கரை முதல் நெடுங்காடு வரை மஞ்சள். ஐப்பசி மாத ஈரத்தில் தூள் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எறும்பு ஒன்றுகூட இல்லை என்பதையும் அகஸ்டின் நியாயமாகக் குறித்துக்கொண்டான்.

பிரஷ்ஷால் தட்டினான். பாதி போனது. மீதி போகவில்லை. கைகழுவும் இடத்திலிருந்த சோப்பைத் தண்ணீரில் கரைத்து, கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, கடலோரமாக லேசாக ஒற்றினான்.

ஒற்றிய இடம் சிவந்தது.

பயத்தில் பக்கத்தில் ஒற்றினான். அதுவும் சிவந்தது. அரை நிமிடத்தில் கடற்கரை முழுக்க ஆரத்தித் தண்ணீர் கொட்டியது போல ஆகிவிட்டது.

பத்து மணிக்கு வந்த மன்சூர் அலி வாசலில் நின்றபடி நெடுநேரம் பார்த்தார்.

"ஒரு விஷயம் நல்லதாப் போச்சு தம்பி."

"என்ன பாய்?"

"இப்ப பொட்டு தெரியல."

கதவைத் தட்டும் சத்தம். அகஸ்டின் தாவிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டான்.

"சார், உள்ள கூட்டணும்" என்றது அல்லியின் குரல்.

"நானே கூட்டிக்கிறேங்க்கா."

"நீங்க எதுக்கு சார் கூட்டுறீங்க? ஆறு வருசத்துல இல்லாத வழக்கமா?" துடைப்பம் தரையில் தட்டியது. "நான் ஏதும் தப்பா செஞ்சுட்டனா சார்?"

"சேச்சே. அப்படியெல்லாம் இல்லக்கா."

"பூஜையில எதும்..."

"பூஜை ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா!" என்று அகஸ்டின் தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னான்.

துடைப்பத்தின் சத்தம் மெதுவாக விலகிப் போனது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனான். அமலராணி கதவைத் திறந்தவள் அவன் கைகளைப் பார்த்தாள். விரல் பத்தும் மஞ்சள். நகக்கண் பத்தும் சிவப்பு.

"யாருக்கு நலங்கு வச்சுட்டு வரீங்க?"

"மஞ்சள் பட்டுடுச்சு. சோப்புப் போட்டேன். செவந்துடுச்சு."

"மஞ்சள்ல சோப்புப் பட்டா செவக்கும்னு தெரியாதா? எலுமிச்சம்பழத்த தேச்சா திரும்ப மஞ்சளா ஆயிரும். அப்புறம் வெயில்ல போட்டா மஞ்சளும் தன்னால ஓடிடும். என் சித்தி மக கல்யாணப் பொடவைய அப்படித்தான் எடுத்தோம். எதுல பட்டுச்சு? சட்டையிலயா?"

"மேப்புல."

"எந்த மேப்பு?"

"பெர்மனென்ட் மேப்பு."

அமலராணி சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, வீட்டிலிருந்த ஆறு எலுமிச்சம்பழங்களையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

சித்தி மகளின் புடவைக்கு எது பொருந்தியதோ அது பிரெஞ்சு அரசின் காகிதத்துக்கும் பொருந்தியது. பஞ்சில் சாற்றை நனைத்து ஒற்ற ஒற்ற, சிவப்பு பின்வாங்கி மஞ்சளானது. ஒரு மணிக்கு அகஸ்டினும் மன்சூர் அலியும் ஆளுக்கு ஒரு பக்கமாக வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார்கள். கீழே செய்தித்தாள்களை விரித்து, மேலே நான்கு மூலையிலும் கலைக்களஞ்சியத்தை வைத்தார்கள்.

வெயில் நன்றாக அடித்தது. பக்கத்து வீட்டு மாடியில் நெத்திலி காயப்போட்டிருந்தார்கள். காற்று அங்கிருந்து இந்தப் பக்கம் வீசியது.

அகஸ்டின் நூலகத்து ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு காக்கைகளுக்குக் காவல் உட்கார்ந்தான். இரண்டு மணிக்கு ஒரு காக்கை அவனையும் மீறி மேலே பறந்து, அலகிலிருந்த நெத்திலியைத் தவறவிட்டது. அது குரும்பகரத்தில் விழுந்தது. நெல் விளைகிற அந்த ஊருக்கு மீன் வானத்திலிருந்து வந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

மூன்றேகாலுக்கு மஞ்சள் மறைந்துவிட்டது. வரைபடம் பால் போல இருந்தது. ஒவ்வொரு வாய்க்காலும் ஒவ்வொரு பனைமரமும் நேற்று அச்சடித்தது போலத் தெரிந்தன.

கிளிஞ்சல்மேட்டிலும் குரும்பகரத்திலும் நெடுங்காட்டுக்குத் தெற்கேயும், மூன்று பொட்டும் தெரிந்தன.

ரொட்டி, எறும்பு, மஞ்சள், சோப்பு, எலுமிச்சை, வெயில். எதற்கும் அசையவில்லை. அம்மையார் கோயில் வாசலில் கடை வைத்திருப்பவரின் நேர்மையை அகஸ்டின் அந்த நிலைமையிலும் மெச்சினான்.

இனி ஒரே ஒரு வழிதான் பாக்கி. அதை அவன் முதலிலேயே நினைத்திருந்தான். கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தான். பாதி பிளேடு.

புத்தகப் பதிவேட்டில் தேதி மாறிப்போனாலும், சம்பளப் பதிவேட்டில் பெயர் தப்பாக விழுந்தாலும், சுற்று வட்டாரத்து அலுவலகங்களிலிருந்து அகஸ்டினைத்தான் தேடி வருவார்கள். சவர பிளேடை நீளவாக்கில் பாதியாக உடைத்து, அதன் மூலையால் மையை மட்டும் வழித்தெடுத்து, கட்டைவிரல் நகத்தால் தேய்த்துவிட்டால், எழுத்து இருந்த இடத்தை எழுதினவனே கண்டுபிடிக்க முடியாது. ஆறு வருடத்தில் அவன் முறையாகக் கற்றுக்கொண்ட ஒரே வித்தை.

உள்ளறையில் மேசை விளக்கைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். கிளிஞ்சல்மேட்டுக்கு நான்கு நிமிடம் ஆனது. குரும்பகரத்துக்கு மூன்று. நெடுங்காட்டுக்குக் கை பழகிவிட்டதால் இரண்டு.

நிமிர்ந்து பார்த்தான். எதுவுமே இல்லை. மன்சூர் அலி பூதக்கண்ணாடியால் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

"தம்பி, நீ பாரீஸ்ல இருக்க வேண்டிய ஆளு" என்றார்.

புதன்கிழமை பத்து மணிக்கு பூமிநாதன், நெற்றியில் கல்யாணச் சந்தனம் காயாமல், கையில் தாம்பூலப் பையோடு வந்தார். பின்னால் வினோதினி. வெள்ளைக் கையுறை, கழுத்தில் தொங்கும் லென்ஸ், ஒரு நீலக் கோப்பு. குனிந்து வேலை பார்த்தே கூன் விழ ஆரம்பித்திருந்த, குரலை உயர்த்தாத பெண்.

உள்ளறைக்குள் நுழைந்ததும் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"யாராவது எலுமிச்சை சாதம் கொண்டு வந்திருக்கீங்களா?"

"தொட்டுக்கக் கருவாடும் இருக்கும் போலருக்கே" என்றார் பூமிநாதன்.

"பக்கத்து வீட்டு மாடி சார்" என்றான் அகஸ்டின். அது முழுப் பொய் இல்லை.

வினோதினி வரைபடத்தின் மேல் குனிந்தார். ஐந்து நிமிடம் லென்ஸ் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அகஸ்டினின் கண் அதோடு கிளிஞ்சல்மேட்டுக்குப் போய், குரும்பகரத்தில் மூச்சை நிறுத்தி, நெடுங்காட்டைத் தாண்டியது. லென்ஸ் எங்கும் நிற்கவில்லை.

"புதுச்சேரியில இருக்குற பிரதி இப்படி இல்லங்க" என்றார் அவர் கடைசியில். "அது டீத்தண்ணி மாதிரி பழுப்பு. இது எப்படி இவ்வளவு சுத்தமா இருக்கு? என்ன செஞ்சீங்க?"

"ரொட்டி" என்றது வாசலோர நாற்காலியில், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

வினோதினி வியப்போடு திரும்பினார். "அது ரொம்பப் பழைய முறையாச்சே. இங்க யாருக்குத் தெரியும்?"

"பாய் பாரீஸ்ல மியூசியத்துல பதினெட்டு வருசம் இருந்தவர் மேடம்" என்றார் பூமிநாதன் பெருமையாக. செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

வினோதினி வரைபடத்தின் ஓரத்தை இரண்டு கையாலும் மெல்லத் தூக்கினார். "கந்தல் துணியை அரைச்சுச் செஞ்ச காகிதம். அதான் என்ன செஞ்சாலும் தாங்குது" என்றபடி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

காகிதத்தில் மூன்று இடத்தில் வெளிச்சம் ஊடுருவியது. மூன்று சின்ன நட்சத்திரம் போல.

"இங்க சுரண்டியிருக்கே?"

ஐந்து அடி பதினோரு அங்குலத்துக்கு மெழுகுவர்த்தி செய்யும் கடைக்காரரின் முகம் அகஸ்டினின் நினைவில் ஒரு கணம் வந்து போனது.

"நான்தான் மேடம்" என்றான். "பூஜை அன்னைக்கு அதுல மூணு எடத்துல குங்குமம் பட்டுடுச்சு. எதுக்கும் போகல. அதனால பிளேடு வச்சு எடுத்தேன்."

அப்போது அல்லி தேநீர்த் தட்டோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள். பூமிநாதன் அவள் பக்கம் திரும்பினார்.

"மேப்புக்கா பொட்டு வச்சே? நாலு நாள் நான் இந்தப் பக்கம் இல்ல, அதுக்குள்ள..."

"சார், நான்..."

"நீ பேசாத! யாரும் தொடக்கூடாதுன்னு சீட்டு எழுதி வச்சுட்டுத்தானே போனேன்?"

"அதுல்ல சார், நான் வந்து..."

"பேசாதன்னேன்ல!"

"அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க சார்" என்றான் அகஸ்டின். "நல்ல மனசோட வச்சது. இந்த அறை என் பொறுப்பு."

அல்லி அவனை வியப்போடு பார்த்தாள்.

"விடுங்க சார்" என்றார் வினோதினி. "குங்குமம்தானே? சுரண்டினது தப்பு, இனிமே செய்யாதீங்க. ஆனா கோடு எதுவும் அடிபடல. பரவாயில்ல." அவர் கோப்பைத் திறந்து மேசையில் வைத்தார். "பராமரிப்பு நல்லாவே இருக்குன்னுதான் எழுதப்போறேன். இங்கயே இருக்கட்டும்."

பூமிநாதன் தாம்பூலப் பையிலிருந்து ஒரு லட்டை எடுத்து, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

வினோதினி இரண்டு பக்கம் எழுதினார். எழுதி முடித்ததும் பேனாவை எடுக்காமல் கொஞ்சம் யோசித்தார்.

"எனக்குத்தான் ஏமாற்றம். உண்மையில நான் தேடி வந்தது மேப்பை இல்லங்க. இது நூத்துக்கணக்குல அச்சடிச்சது. பாரீஸ்ல இருக்கு, புதுச்சேரியில ரெண்டு இருக்கு. ஆனா அளந்த ஆளு தன்னோட சொந்தப் பிரதியில நல்ல தண்ணி ஊத்து எங்கெங்க இருக்குன்னு தன் கையாலேயே குறிச்சு வச்சிருக்காரு. எந்தக் கோடையிலயும் வத்தாது, கடல் உள்ள வந்தாலும் உப்பு ஏறாதுன்னு ஒரு கடிதத்துல எழுதியிருக்காரு. சுனாமிக்கப்புறம் குடிதண்ணி ஆபீஸ்ல அதைக் கேட்டுக் கேட்டு எங்களத் தொளைக்கிறாங்க. அந்தப் பிரதி காரைக்கால்லதான் இருக்கணும்னு நம்பி வந்தேன்."

"இதுல இல்லீங்களா?" என்றார் பூமிநாதன்.

"கையால வச்ச குறி ஒண்ணுகூட இல்ல. எல்லாம் அச்சுதான். அப்ப இது வேற பிரதி."

பேனா கையெழுத்துப் போடும் இடத்துக்கு இறங்கியது. அல்லி தேநீர்த் தட்டை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மேடம், வீணா என் தலையில பழி விழுது, அதான் சொல்றேன். எல்லாத்துக்கும் வச்சேன், ஆனா இதுக்கு நான் பொட்டு வைக்கவேயில்லீங்க. ரெக்கை மொளச்ச புள்ளைங்க இருக்கே, வேதக்காரங்க படமாச்சே, அகஸ்டின் சார் மனசு கஷ்டப்படுமேன்னு கிட்டக்கூடப் போகல."